தழும்பைச் சுரண்டுகிறவர்கள்

பழைய பந்தயக் கார்களைப் புதுப்பிக்கிறேன் பேர்வழி என்று அமெரிக்கப் பணக்காரர்கள் செய்துவரும் காரியம் எனக்குச் சம்மதமில்லை. இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். “உமக்கு ஏன் ஓய் இந்த வம்பு? வண்டி அவனுடையது, காசு அவனுடையது, வர்ணமும் அவனுடையது. நீர் கதை எழுதுகிறவர், கதையைக் கவனியும்” என்கிறார் ஒருவர். “உம்மிடம் ஒரு சைக்கிள்கூட இல்லையே” என்கிறார் இன்னொருவர். இரண்டும் வாஸ்தவம். ஆனாலும் பேசத்தான் போகிறேன்.

கதை எழுதுகிறவன் என்பதால்தான் எனக்கு இந்த வம்பு. ஒரு மனிதனைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அவன் முழங்காலில் தழும்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். இருந்தால் பாதிக் கதை கிடைத்த மாதிரி. பந்தயத்தில் ஓடிய வண்டியும் அப்படித்தான். அதன் உடம்பில் இருக்கிற நசுங்கலும், கீறலும், அவசரத்தில் பற்றவைத்த ஒட்டுத் தகடும் அது ஓடியதற்குச் சாட்சிகள். அந்தச் சாட்சிகளைச் சுரண்டி எறிந்துவிட்டு, முகம் பார்க்கிற மாதிரி வர்ணம் பூசி, விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தி, “இது பந்தயத்தில் ஓடிய வண்டி” என்று ஏலம் கூறுகிறார்கள். ஓடியதற்கு அடையாளம் எங்கே ஐயா என்று கேட்டால், பத்திரத்தைக் காட்டுகிறார்கள்.

பொதுப்படையாகத் திட்டினால் யாருக்கும் உறைக்காது. ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

1964ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி, நியூயார்க் உலகப் பொருட்காட்சியில், போர்டு கம்பெனி மஸ்டாங் என்ற காரை அறிமுகம் செய்தது. ஆரம்ப விலை 2,368 டாலர். சம்பளக்காரர்களும் படித்துவிட்டு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களும் விழுந்தடித்துக்கொண்டு வாங்கினார்கள். வண்டி லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் பந்தயக்காரர்கள் அதைச் சட்டை செய்யவில்லை. ஆபீஸில் டைப் அடிக்கிற பெண்கள் ஓட்டுகிற கார் என்று ஏளனம் செய்தார்கள். அந்த ஏளனத்தைத் துடைக்க வேண்டுமென்று போர்டு கம்பெனியார் தேடிப் பிடித்த ஆசாமி காரல் ஷெல்பி.

ஷெல்பி டெக்ஸாஸ்காரர். கோழிப்பண்ணை வைத்து, கோழிகள் நோயில் சாக, கையைச் சுட்டுக்கொண்டவர். பிறகு கார் பந்தயத்துக்கு வந்து, 1959இல் பிரான்ஸ் தேசத்து லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ராய் சால்வடோரியோடு சேர்ந்து ஆஸ்டன் மார்ட்டின் ஓட்டி ஜெயித்தவர். இருதயக் கோளாறு அவரை 1960க்குப் பிறகு ஓட்டவிடவில்லை. ஓட்ட முடியாதவர் செய்ய உட்கார்ந்தார். லாஸ் ஏஞ்சல்ஸை அடுத்த வெனிஸ் என்ற இடத்தில் பட்டறை போட்டார்.

அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் என்ற அமைப்புதான் அங்கே பந்தயங்களுக்கு விதி வகுப்பது. மஸ்டாங்கில் பின்ஸீட் இருந்தது. இருவர் உட்காரும் வண்டியாக இருந்தால்தான் ஸ்போர்ட்ஸ் கார். அதுவும் குறைந்தது 100 வண்டிகள் செய்து காட்டினால்தான் பந்தயத்தில் இடம். ஷெல்பி யோசித்தார். பின்ஸீட்டைப் பிடுங்கினார். அந்த இடத்தில் ஒரு பலகையை வைத்து அதன்மேல் உபரிச் சக்கரத்தைக் கட்டினார். தீர்ந்தது, ஸ்போர்ட்ஸ் கார். எல்லாவற்றுக்கும் வெள்ளை வர்ணம் அடித்து, நூறு வண்டிகளைக் கணக்குக் காட்டினார். ஜி.டி. 350 என்று பெயர். இந்தப் பெயருக்கும் இஞ்சினுக்கும் சம்பந்தம் கிடையாது. பட்டறையில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு எத்தனை அடி என்று ஷெல்பி கேட்டாராம். காலால் அளந்து பார்த்து 350 என்றார்களாம். அதையே வைத்துவிட்டார்கள் என்பது கதை. நான் இதை நம்புகிறேன். நல்ல பெயர்கள் இப்படித்தான் கிடைக்கின்றன.

இந்த ரகத்துக்கு அமெரிக்கர்கள் பொதுவாக ‘மஸில் கார்’ என்பார்கள். புஜபலக் கார் என்று வைத்துக்கொள்ளலாம். மஸ்டாங்கை அந்த இனத்தில் சேர்க்கலாமா, ‘போனி கார்’ என்று தனி ஜாதியாக வைக்க வேண்டுமா என்று அங்கே பண்டிதர்களுக்குள் ஒரு சண்டை உண்டு. அந்தச் சண்டையில் எனக்கு அக்கறை இல்லை.

1965ஆம் ஆண்டு மாடலில் செய்த ஜி.டி. 350 வண்டிகள் மொத்தம் 562. அவற்றில் பந்தயத்துக்கென்றே செய்தவை 36. எடையைக் குறைக்கக் கதவுக் கண்ணாடிகளை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் பலகைகள் போட்டார்கள். முன்பக்கப் பம்பரை நீக்கிவிட்டு பைபர்கிளாஸில் ஒரு முகம் செய்தார்கள். இரண்டு பெட்ரோல் தொட்டிகளின் அடிப்பாதிகளை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்துப் பற்றவைத்து ஒரு பெருந்தொட்டி செய்தார்கள். பின்கண்ணாடியின் மேல்விளிம்பில் வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட்டார்கள். உள்ளே அடைபடுகிற காற்று அதன் வழியாக வெளியேறினால் வண்டி இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகும் என்ற யுக்தி. இதையெல்லாம் ஏன் விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், இந்த வண்டிகள் பிறந்ததே வெட்டியும் ஒட்டியும்தான். கோயில் சிற்பம் மாதிரி யாரும் செதுக்கி வைக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்குள் முடிய வேண்டும் என்று ராத்திரி கண் விழித்த மெக்கானிக்குகள் செய்தவை.

அந்த 36இல் முதன்முதலாகப் பந்தயத்துக்குப் போன வண்டியின் எண் 5ஆர்002. கென் மைல்ஸ் என்ற இங்கிலீஷ்காரர் அதை ஓட்டினார். இரண்டாம் உலக யுத்தத்தில் டாங்கிப் படையில் இருந்துவிட்டு அமெரிக்காவுக்குப் போனவர், வாய்த்துடுக்கு உள்ளவர், வண்டியைத் தொட்டுப் பார்த்தே நோய் சொல்லும் வைத்தியர் என்று பேர் வாங்கியவர். 1965 பிப்ரவரி 14ஆம் தேதி டெக்ஸாஸில் கிரீன் வாலி மைதானத்தில் அந்த வண்டி ஜெயித்தது. ஒரு மேட்டில் ஏறி இறங்குகையில் நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்பி நிற்பதை யாரோ படம் பிடித்துவிட்டார்கள். அன்று முதல் அது ‘பறக்கும் மஸ்டாங்’.

மைல்ஸ் அதற்குப் பின் ஒன்றரை வருஷம்தான் உயிரோடு இருந்தார். 1966 ஜூனில் லெ மான் பந்தயத்தில் முதலில் வந்துகொண்டிருந்தவரை, போர்டு வண்டிகள் சேர்ந்தாற்போல் வந்தால் படத்துக்கு அழகாக இருக்கும் என்று வேகத்தைக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்தார். வெற்றி வேறு ஜோடிக்குப் போயிற்று. இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 17ஆம் தேதி, கலிபோர்னியாவில் ரிவர்ஸைட் மைதானத்தில் ஒரு புது வண்டியை வெள்ளோட்டம் பார்க்கையில் விபத்தில் இறந்தார். அரை நூற்றாண்டுக்குப் பின் 2019இல் அவரைப் பற்றி ஹாலிவுட்காரர்கள் படம் எடுத்தார்கள். அதற்கப்புறம் உலகம் முழுவதும் அவர் பெயர் தெரிந்தது. செத்த பிறகு கிடைக்கிற புகழ் யாருக்குப் பணமாக மாறுகிறது என்பதைப் பார்க்கத்தான் வேண்டும்.

வண்டி என்னவாயிற்று? ஷெல்பியின் கையை விட்டுப் போயிற்று. வேறு ஆட்கள் வாங்கி ஓட்டினார்கள். எல்லை தாண்டி மெக்ஸிக்கோவுக்குப் போயிற்று. அங்கும் ஓடிவிட்டு ஒரு கிடங்கில் ஒதுங்கிக் கிடந்தது. 1980களின் கடைசியில் அதைக் கண்டுபிடித்து அமெரிக்காவுக்குக் கொண்டு வந்தார்கள். பிறகு கைமாறி, இந்த நூற்றாண்டில் அதற்கு ஜீர்ணோத்தாரணம் நடந்தது. முதல் பந்தயத்தன்று, அதாவது அந்த 1965 பிப்ரவரி 14ஆம் தேதி எந்தக் கோலத்தில் இருந்ததோ அந்தக் கோலத்துக்கே திருப்பினார்கள். 2020 ஜூலையில் இண்டியானாபொலிஸ் நகரில் ஏலம் விட்டார்கள். போன விலை 38 லட்சத்து 50 ஆயிரம் டாலர். கென் மைல்ஸ் படம் வந்த மறு வருஷம் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

அதைப் புதுப்பித்தவர்களின் கைத்திறனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. பழைய படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஒவ்வொரு ஆணியும் எங்கே இருந்தது என்று கண்டுபிடித்துச் செய்கிறவர்கள் இந்தத் தொழில்காரர்கள். அந்தப் பொறுமை நமக்கு எழுத்தில் இருந்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும். என் சண்டை வேறு. ஒரு வண்டியின் ஆயுளில் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொண்டு, மிச்ச நாட்களையெல்லாம் அழிப்பதற்கு யார் அதிகாரம் கொடுத்தது?

பிப்ரவரி 14 நல்ல நாள்தான். ஆனால் பிப்ரவரி 15 என்று ஒரு நாள் வந்ததே! அன்றைக்கு அந்த வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு போய் எதையோ கழற்றி எதையோ மாற்றியிருப்பார்களே! அதற்குப் பின் சொந்தப் பணம் போட்டு வாங்கி ஓட்டினானே ஒரு சின்னப் பந்தயக்காரன், அவன் நாள் எங்கே? மெக்ஸிக்கோவில் அதை ஓட்டியவன் பூசிய வர்ணம் எங்கே? அவன் ஷெல்பி அல்ல. அவனைப் பற்றிப் படம் எடுக்க மாட்டார்கள். அதனால் அவன் பூசியது வரலாறு இல்லை, அழுக்கு. சுரண்டி எடுக்கலாம். பணக்கார வீட்டுச் சரித்திரம் எழுதுகிற புலவர்கள் ஏழைப் பங்காளிகளைக் குலமுறையிலிருந்து நீக்கிவிடுவது போலத்தான் இதுவும்.

என் ஆட்சேபத்துக்கு மறுப்புகள் உண்டு. எனக்கு அவை தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஒன்று, துருப்பிடித்துச் சாகிற வண்டியை அப்படியே விட்டுவிடச் சொல்கிறாயா என்பது. விடச் சொல்லவில்லை. வைத்தியம் பார்க்கச் சொல்கிறேன். துருவை நிறுத்து, ஓட்டையை அடை, பிரேக் பிடிக்கும்படி செய். காயத்துக்கு மருந்து போடுவது ஒன்று. கிழவருக்குத் தலைமயிருக்குச் சாயம் பூசி, சுருக்கத்தை இழுத்துக் கட்டி, இருபது வயதுப் பையன் என்று கல்யாணச் சந்தையில் நிறுத்துவது வேறொன்று.

இன்னொன்று, பந்தய வண்டியை அது ஓடிய காலத்திலேயே வாரத்துக்கு ஒரு தரம் தட்டி நிமிர்த்தி வர்ணம் பூசினார்களே, இப்போது செய்வதும் அதுதானே என்பது. இது கெட்டிக்கார வாதம். இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. அன்றைக்குத் தட்டி நிமிர்த்தியது அடுத்த பந்தயத்துக்கு. அந்த அடியே வண்டியின் கதையில் ஓர் அத்தியாயம். பூசிய வர்ணத்துக்குக் கீழே பழைய வர்ணம் கிடந்தது. நிமிர்த்திய தகட்டில் சுத்தியின் தடம் கிடந்தது. ஓடுவதற்காகச் செய்தது தானாகவே தடம் விட்டுப் போகும். இன்றைக்குச் செய்வது தடத்தை இல்லாமல் செய்வதற்காகவே செய்வது.

இங்கிலாந்தில் 1990இல் நடந்த ஒரு வழக்கு ஞாபகம் வருகிறது. ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்ற பென்ட்லி வண்டி. 1929, 1930 இரண்டு வருஷமும் லெ மானில் ஜெயித்தது. பிறகு அதைப் பிரித்து மாற்றி மாற்றிக் கட்டினார்கள், 1932இல் புரூக்லண்ட்ஸ் மைதானத்தில் விபத்தாகி ஓட்டியவர் இறந்தார், மறுபடியும் கட்டினார்கள். கடைசியில் அதை ஒருவர் விலை பேசினார். ஒரு கோடி பவுன். பேசிய பிறகு, ஜெயித்த வண்டியில் இருந்த உறுப்புகள் இதில் எத்தனை மிச்சம், இது அந்த வண்டியே அல்ல என்று பணம் கொடுக்க மறுத்தார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. பழைய உறுப்புகள் மிகக் குறைவுதான். ஆனாலும் வண்டியின் கதை எங்கும் அறுபடாமல் தொடர்ந்து வந்திருக்கிறது. அதனால் இது அந்த வண்டிதான் என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னார். எவ்வளவு புத்தியான தீர்ப்பு! வண்டி என்பது அதன் இரும்பு மட்டுமில்லை, அதன்மேல் நடந்ததெல்லாம் சேர்ந்ததுதான் என்று ஒரு நீதிபதியே ஒப்புக்கொண்டார். அப்படியானால், நடந்ததில் ஒரு நாள் போக மற்றதை வெட்டி எறிகிறவன் வண்டியைக் காப்பாற்றுகிறானா, குறைக்கிறானா?

அமெரிக்காவில் இந்த வண்டிகளுக்கு அழகுப் போட்டிகள் நடக்கின்றன. நடுவர்கள் குனிந்து அடிப்பாகம் வரை பார்த்து மார்க் போடுவார்கள். தப்பான ஆணி இருந்தால் குறைப்பார்கள். அதில் ஒரு வேடிக்கை. அந்தக் காலத் தொழிற்சாலையில் வண்டியைச் சோதித்த தொழிலாளி, பார்த்தாகிவிட்டது என்பதற்கு அடையாளமாகச் சாக்கட்டியால் ஒரு கிறுக்கு கிறுக்குவான். வர்ணத்தை ஒரு சொட்டு வைப்பான். சாயந்திரம் சங்கு ஊதினால் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில் கிறுக்கியது. இன்றைக்குப் புதுப்பிக்கிறவர்கள் அந்தக் கிறுக்கலையும் அதே இடத்தில், அதே கோணத்தில், அதே அலட்சியத்தோடு கிறுக்கிவைக்கிறார்கள்! அலட்சியத்தை அக்கறையாக நகல் எடுக்கிற கலை இதற்கு முன் எங்காவது இருந்ததா? உண்மையான கீறலை அழித்துவிட்டுப் பொய்யான கிறுக்கலை எழுதுகிறார்கள். பார்க்கிறவர்களும் ‘அடடா, அசல்!’ என்கிறார்கள்.

இதில் இன்னும் பெரிய அபத்தம் ஒன்று உண்டு. புத்தம்புது 1965 மாடல் பந்தய மஸ்டாங் வேண்டுமென்றால், அதற்குப் பழைய வண்டியைத் தொடவே வேண்டியதில்லை. அன்றைக்கு வெனிஸ் பட்டறையில் வேலை பார்த்தவர்களில் சிலரே, இந்த நூற்றாண்டில் ஒன்று கூடி, உத்தரவு வாங்கிக்கொண்டு, அதே வண்டியைப் புதிதாகச் செய்து விற்க முன்வந்தார்கள். காற்றுக்காக அந்தப் பின்கண்ணாடி யுக்தியைச் செய்த பீட்டர் பிராக்கும் அவர்களில் ஒருவர். பளபளப்பு வேண்டியவன் அங்கே போய் வாங்கிக்கொள்ளட்டும். எந்த ஆட்சேபமும் இல்லை. கையால் செய்தது, செய்தவர்களே செய்தது, நேற்று வர்ணம் பூசியது. அந்தப் புது வண்டியிடம் இல்லாதது, பழைய வண்டியிடம் மட்டும் இருந்தது, என்ன? மைல்ஸின் பூட்ஸ் தேய்த்த தரைத் தகடு. அவர் வேர்வை பட்ட ஸீட்டு. அதற்குத்தான் லட்சக்கணக்கில் விலை. அந்த விலைக்கு வாங்குகிற பொருளை முதல் காரியமாகச் சுரண்டுகிறார்களே, இவர்கள் வியாபாரிகளாகக்கூடத் தேற மாட்டார்கள் போலிருக்கிறது.

வேறு மாதிரி நடந்துகொண்ட மனிதரும் அந்த நாட்டிலேயே இருந்தார். பிலடெல்பியாவில் பிரெடரிக் ஸிமியோன் என்று ஒரு மூளை அறுவை நிபுணர். ஷெல்பியின் பட்டறை பெற்ற இன்னொரு குழந்தை, டேடோனா கூப்பே. மொத்தம் ஆறே ஆறு. அவற்றில் முதலாவது, எண் ஸி.எஸ்.எக்ஸ்.2287, அவரிடம் வந்து சேர்ந்தது. புஜபலக் கார் அல்ல, நேரான பந்தய வண்டி. ஆனால் மஸ்டாங்குக்கு உடன்பிறப்பு. 1964இல் டேடோனா பந்தயத்தில் பெட்ரோல் நிரப்புகையில் தீப்பிடித்தது. அடுத்த மாதமே ஸீப்ரிங்கில் தன் பிரிவில் முதலாக வந்தது. மறு வருஷம் உப்புப் பாலைவனத்தில் வேக சாதனைகள் செய்தது. அப்புறம் வருஷக்கணக்கில் ஒரு ஷெட்டில் அநாதையாகக் கிடந்தது. ஸிமியோன் அதைப் புதுப்பிக்கவில்லை. மண்டையைத் திறக்கத் தெரிந்தவருக்கு எதைத் தொடக்கூடாது என்றும் தெரிந்திருக்கிறது. 2014இல் அமெரிக்காவின் தேசிய சரித்திர வாகனப் பதிவேட்டில் முதல் வண்டியாகப் பதிந்தார்கள். அதை அளந்து, படம் எடுத்து, விவரங்களைக் காங்கிரஸ் நூலகத்தில் சேர்க்க ஏற்பாடு செய்தார்கள். ஸிமியோன் 2022இல் காலமானார். அவருடைய காட்சிசாலை இருக்கிறது. வண்டிகள் அங்கே பொம்மையாக நிற்பதில்லை. பின்புறத் திடலில் ஓட்டிக் காட்டுகிற நாட்களும் உண்டு. ஆகவே, தழும்போடு விட்டால் வண்டி செத்துப் போகும் என்ற பேச்சு என்னிடம் செல்லாது.

காசுக் கணக்கே வேதம் என்கிறவர்களுக்கும் ஒரு கணக்குச் சொல்கிறேன். ‘புல்லிட்’ என்ற 1968ஆம் வருஷத்துப் படத்தில் ஸ்டீவ் மக்வீன் ஓட்டிய பச்சை மஸ்டாங்கை 1974இல் ஒரு குடும்பத்தார் 6,000 டாலருக்கு வாங்கினார்கள். வீட்டு உபயோகத்துக்கு ஓட்டினார்கள். பிறகு ஷெட்டில் போட்டு வைத்தார்கள். அழகு படுத்தவே இல்லை. 2020 ஜனவரியில் துருவும் நசுங்கலுமாக ஏலத்துக்கு வந்தது. 37 லட்சத்து 40 ஆயிரம் டாலர்! அதே வருஷம் ஜூலையில் மெருகோடு விலை போன பறக்கும் மஸ்டாங்குக்கும் இதற்கும் ஒரு லட்சத்துச் சொச்சம்தான் வித்தியாசம். இத்தனைக்கும் இது ஒரு பந்தயத்திலும் ஓடியதில்லை. காமிராவுக்கு முன்னால் ஓடியதோடு சரி. பெயர் பெற்ற வண்டி விலை போவதற்கு மெருகு அவசியமில்லை என்று ஏலக்காரனின் சுத்தியலே சொல்லியாகிவிட்டது.

இனி, புதுப்பித்து முடித்தவர்களை ஒன்று கேட்க வேண்டும். எந்த ஒரு வண்டிக்காரரையும் குறிப்பிட்டுக் கேட்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிற எல்லாரையும் கேட்கிறேன். புதுத் தகடு போட்டீர்கள், சரி. புது ஸீட்டுத் தைத்தீர்கள், சரி. நாலு தடவை பூசியிருந்த பழைய வர்ணத்தைச் சுரண்டினீர்கள், அதுவும் ஆகிவிட்டது. கழற்றிப் போட்ட தகடும், கிழித்தெடுத்த தோலும் எங்கே? பெட்டியில் போட்டுச் சீட்டு எழுதி வண்டியோடு வைத்திருக்கிறீர்களா, எடைக்குப் போட்டுவிட்டீர்களா?